வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு உடம்பில் நீர் கோப்பது ஏன்? சிகிச்சை இருக்கா? தடுக்க முடியுமா? - முழு விவரம்

கர்ப்ப கால ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹைட்ராப்ஸ்' என்ற ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், அந்தக் குடும்பத்துக்கே தூக்கம் போய்விடும். குழந்தையின் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். உடனே செல்போனில் தேடுவார்கள். "பிழைப்பது கஷ்டம்" என்ற வரிதான் முதலில் கண்ணில் படும். வீட்டிலோ, "தண்ணி நிறைய குடிச்சியா?", "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" என்று தாயை நோக்கிக் கேள்விகள் கிளம்பும்.

உண்மை என்னவென்றால், ஹைட்ராப்ஸ் என்பது ஒரு நோய் இல்லை. அது ஓர் அறிகுறி. காய்ச்சல் வந்தால் அது டெங்குவா, டைபாய்டா, சாதாரண சளிக் காய்ச்சலா என்று பார்ப்பது போல, இதற்கும் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேட வேண்டும். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட காரணங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு இன்று வரை மருந்து இல்லை. சிலவற்றை, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே சரிசெய்ய முடியும். ஒன்றை மட்டும், ஓர் ஊசியால் வராமலே தடுத்துவிடலாம். அதனால் இந்த வார்த்தையைக் கேட்டதும் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எதனால் வந்திருக்கு?" என்பதுதான்.

ஹைட்ராப்ஸ் என்றால் என்ன?

குழந்தையின் வயிற்றுக்குள், நுரையீரலைச் சுற்றி, இதயத்தைச் சுற்றி, தோலுக்கு அடியில். இந்த நான்கு இடங்களில் குறைந்தது இரண்டில் நீர் கோத்திருந்தால் அதை 'ஹைட்ராப்ஸ் ஃபீட்டாலிஸ்' என்கிறார்கள். தோலைப் பொறுத்தவரை, வீக்கம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பல நேரங்களில் நஞ்சுக்கொடியும் தடித்திருக்கும், பனிக்குட நீரும் அதிகமாக இருக்கும்.

இது அடிக்கடி வருவதில்லை. சில ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றுக்கு என்ற அளவில்தான் பார்க்கப்படுகிறது.

ஸ்கேனில் தெரியும் எல்லா நீரும் ஹைட்ராப்ஸா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் தேவையில்லாமல் பயப்படுபவர்கள் அதிகம்.

குழந்தையைச் சுற்றி இருக்கும் பனிக்குட நீர் அதிகமாக இருப்பது வேறு விஷயம். தாய்க்கு சர்க்கரை இருந்தாலும் அப்படி வரலாம். "கிட்னியில் லேசா நீர் இருக்கு" என்று ரிப்போர்ட் வருவதும் வேறு. அது லேசான அளவில் இருந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். தலைக்குள் நீர் கோப்பது இன்னொரு தனிப் பிரச்சனை, அதற்கான பரிசோதனைகளும் தனி. எனவே "நீர் இருக்கு" என்று சொன்னால், எங்கே இருக்கிறது, எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தாய் தண்ணீர் அதிகம் குடித்ததால் குழந்தைக்கு நீர் கோக்காது. கிரகணம், பப்பாளி, அன்னாசி எதற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

நீர் எப்படிக் கோக்கிறது?

நம் எல்லோருடைய உடம்பிலும் ரத்தக் குழாயில் இருந்து கொஞ்சம் நீர் வெளியே கசிந்துகொண்டேதான் இருக்கும். அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகும் வேலையும் நடந்துகொண்டே இருக்கும். இந்த வரவு செலவு சரியாக இருக்கும் வரை பிரச்சனை இல்லை.

இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினால் கசிவு அதிகமாகும். கல்லீரல் பாதிக்கப்பட்டு ரத்தத்தில் புரதம் குறைந்தாலும் நீர் வெளியேறும். கசிந்த நீரைத் திருப்பி எடுக்கும் நிணநீர்க் குழாய்கள் சரியாக உருவாகாவிட்டாலும் அதே கதைதான். காரணங்கள் நூறு இருந்தாலும், அவை கடைசியில் பெரும்பாலும் இது போன்ற வழிகளில்தான் வந்து சேரும்.

நெகட்டிவ் குரூப் தாய்மார்கள் ஏன் கவனமாக இருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் ஹைட்ராப்ஸ் என்றாலே முக்கியக் காரணம் ரத்த குரூப் ஒத்துப்போகாததுதான். தாய்க்கு நெகட்டிவ் குரூப், அப்பாவுக்கு பாசிட்டிவ் குரூப் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டு. பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை வெளி ஆள் என்று நினைத்து, எதிர்த்துப் போராட ஆன்டிபாடிகளை உருவாக்கி வைத்துக்கொள்ளும்.

முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது, அது ஏற்கெனவே பிறந்துவிட்டது. அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால்தான் சிக்கல். தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தைக்குக் கடுமையான ரத்தசோகை வரும். புது ரத்தம் தயாரிக்கும் வேலையைக் கல்லீரலும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்யும், அது வீங்கும், புரதம் குறையும். இதயம் ஓயாமல் அடித்துக் களைத்துப்போகும். முடிவில் நீர் கோக்கும்.

இந்தியாவில் சுமார் 20 பேரில் ஒருவருக்கு நெகட்டிவ் குரூப். அதனால்தான் கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த குரூப் பார்க்கிறார்கள். நெகட்டிவ் என்றால் கணவரின் குரூப்பையும் பார்க்க வேண்டும். தாய்க்கு 'ஐ.சி.டி' என்ற ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆன்டிபாடி உருவாகிவிட்டதா இல்லையா என்பதை அதுதான் சொல்லும்.

தடுக்கும் ஊசி எது? எப்போது போட வேண்டும்?

அதன் பெயர் 'ஆன்டி-டி'. தாயின் உடம்பு ஆன்டிபாடி உருவாக்குவதற்கு முன்பே, கலந்த குழந்தை ரத்தத்தை இது அப்புறப்படுத்திவிடும். 1960-களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது.

கர்ப்பத்தின் 28-வது வாரத்தில் ஒரு முறை. குழந்தை பாசிட்டிவ் குரூப்பாகப் பிறந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை. ஊசியே போடாவிட்டால், பாசிட்டிவ் குழந்தையைப் பெறும் நெகட்டிவ் தாய்மார்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி உருவாகிவிடும். பிரசவத்துக்குப் பின் போட்டால் அது 1 முதல் 2 சதவீதமாகக் குறையும். 28-வது வார ஊசியையும் சேர்த்துப் போட்டால் அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

கர்ப்பத்தின் நடுவில் ரத்தப்போக்கு, வயிற்றில் பலமான அடி, கருக்குழாயில் கர்ப்பம், கருச்சிதைவு, பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை என எது நடந்தாலும், "எனக்கு நெகட்டிவ் குரூப், ஊசி தேவையா?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கருவைக் கலைத்துக்கொள்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லாமல் போய்விடுகிறார்கள். ஆன்டிபாடி ஒரு முறை உருவாகிவிட்டால், பிறகு இந்த ஊசி போட்டும் பயனில்லை.

இந்த மருந்தை, அந்த ஆன்டிபாடி உள்ள மனிதர்கள் தரும் பிளாஸ்மாவில் இருந்துதான் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954-ல் ரத்ததானம் செய்யத் தொடங்கி, 2018 வரை 1,173 முறை தானம் செய்தவர். அவருடைய பிளாஸ்மாவில் இருந்து தயாரான மருந்து சுமார் 24 லட்சம் குழந்தைகளைக் காக்க உதவியதாகக் கணக்கிடப்படுகிறது. 2025 பிப்ரவரியில், 88 வயதில் அவர் காலமானார்.

வேறு என்னென்ன காரணங்கள்?

ஆன்டி-டி ஊசி பரவலாகிவிட்ட நாடுகளில், இன்று 10 ஹைட்ராப்ஸில் 9-க்கு ரத்த குரூப் காரணமில்லை. முக்கியமான மற்ற காரணங்கள் இவை.

இதயம்: பிறவியிலேயே இதய அமைப்பில் குறை இருக்கலாம். அல்லது துடிப்பில் கோளாறு இருக்கலாம். வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். அது 220-ஐத் தாண்டி ஓடினாலும், 60-க்கும் கீழே இறங்கினாலும் இதயம் தாங்காது.

குரோமோசோம்: டர்னர் சிண்ட்ரோம், டவுன் சிண்ட்ரோம் போன்றவை. மூன்றாம், நான்காம் மாதத்திலேயே நீர் தெரிந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

தொற்று: பார்வோ வைரஸ் பி19 என்று ஒரு கிருமி. பள்ளிக் குழந்தைகளுக்கு வந்தால், அறை வாங்கியது போல் கன்னம் சிவந்து, சில நாளில் சரியாகிவிடும். கர்ப்பிணிக்கு வந்து கருவுக்குப் பரவினால், குழந்தையின் ரத்த உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். சிஃபிலிஸ், சைட்டோமெகலோ வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

இரட்டைக் குழந்தைகள்: இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே நஞ்சுக்கொடி இருந்தால், ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் போய்விடலாம். அதிகம் வாங்கும் குழந்தையின் இதயம் திணறி, அதற்கு நீர் கோக்கும்.

நெஞ்சு: நுரையீரலில் கட்டி போன்ற வளர்ச்சி இருந்து, அது இதயத்தை அழுத்தலாம்.

மரபணு: உடம்பில் தேவையான என்சைம் இல்லாத பிறவிக் கோளாறுகள் சிலவும் இப்படித்தான் வெளிப்படும். தாய், தந்தை இருவரும் அதே மரபணுக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால்தான் இவற்றில் பல குழந்தைக்கு வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் திருமணம் செய்தவர்களிடம் அந்த வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயம் இல்லை.

தலசீமியா: ஆல்ஃபா தலசீமியாவின் மிகக் கடுமையான வகை தாய்லாந்து, வியட்நாம், தென் சீனப் பகுதிகளில் ஹைட்ராப்ஸுக்கு முக்கியக் காரணம். இந்தியாவில் அந்த வகை அரிது.

இவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாமல் போகும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

முதலில், கருவுக்கான சிறப்பு மருத்துவர் விரிவாக ஒரு ஸ்கேன் பார்ப்பார். குழந்தையின் இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். அடுத்து டாப்ளர். குழந்தையின் மூளைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அதில் அளப்பார்கள். ரத்தசோகை இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடும். அந்த வயதுக் கருவுக்கு இருக்க வேண்டிய வேகத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கடுமையான ரத்தசோகை என்று சந்தேகிப்பார்கள். குழந்தையின் உடம்பில் ஊசி குத்தாமலே இதைக் கண்டுபிடிக்க முடிவது பெரிய வசதி.

தாய்க்கு ரத்த குரூப், ஐ.சி.டி, சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல், மற்ற தொற்றுகளுக்கான பரிசோதனைகள் எடுப்பார்கள். தேவைப்பட்டால் பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்து, குரோமோசோம் மற்றும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். செலவைப் பார்த்துப் பலர் இதைத் தவிர்க்க நினைப்பார்கள். ஆனால் இந்தக் குழந்தைக்கு என்ன செய்வது என்பதற்கும், அடுத்த குழந்தைக்கு வருமா என்பதற்கும் பதில் பெரும்பாலும் இதில்தான் கிடைக்கும்.

வயிற்றுக்குள்ளேயே சிகிச்சை செய்ய முடியுமா?

முடியும், காரணத்தைப் பொறுத்து.

ரத்தசோகை என்றால் குழந்தைக்கு ரத்தம் ஏற்றலாம். ஸ்கேனில் பார்த்தபடியே, தாயின் வயிறு வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, தொப்புள்கொடியின் ரத்தக் குழாயில் ஓ நெகட்டிவ் ரத்தத்தை ஏற்றுவார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் டாக்டர் வில்லியம் லைலி 1963-ல் கருவில் இருக்கும் குழந்தைக்கு முதன்முதலில் ரத்தம் செலுத்திக் காட்டினார். ரத்த குரூப் பிரச்சனையில் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். பார்வோ வைரஸ் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவையிலேயே குழந்தை தேறிவிடும். அனுபவமுள்ள மையங்களில் இந்தச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். ஆனால் நீர் கோப்பதற்கு முன்பே ரத்தசோகையைப் பிடித்துவிட்டால்தான் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

இதயம் வேகமாகத் துடித்தால், டிகாக்ஸின், ஃபிளெகைனைடு போன்ற மருந்துகளைத் தாய்க்குக் கொடுப்பார்கள். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், துடிப்பைச் சீராக்கும். இதயத் துடிப்பையும் ஈ.சி.ஜியையும் கண்காணிக்க வேண்டும் என்பதால் தாய் மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கலாம்.

நெஞ்சில் நீர் நிறைந்து நுரையீரலை நசுக்கினால், சின்னக் குழாய் ஒன்றை வைத்து நீரைப் பனிக்குடத்துக்குள் வடியவிடுவார்கள். ஒரே நஞ்சுக்கொடி இரட்டையர்கள் என்றால், 16 முதல் 26 வாரங்களுக்குள் லேசர் மூலம் இணைப்பு ரத்தக் குழாய்களை அடைப்பார்கள். சிஃபிலிஸ் என்றால் தாய்க்கு பென்சிலின் ஊசி.

இந்தச் சிகிச்சைகள் எல்லா ஊரிலும் கிடைக்காது. கருவுக்கான சிறப்புப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இதில் ஒரு வாரம் தள்ளிப்போவதுகூடப் பெரிய நஷ்டம். "அடுத்த மாசம் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது.

தாய்க்கு ஆபத்து உண்டா?

உண்டு. குழந்தைக்கு நீர் கோத்திருக்கும்போது, சில தாய்மார்களுக்கும் அதே போல உடம்பில் நீர் கோக்கத் தொடங்கும். குழந்தையின் நிலையைக் கண்ணாடி போலத் தாயின் உடம்பு காட்டுவதால் இதற்கு 'மிரர் சிண்ட்ரோம்' என்று பெயர். முகம், கை, கால் திடீரென வீங்குவது, எடை சட்டென்று ஏறுவது, தலைவலி, கண் மங்குவது, மூச்சு வாங்குவது, பிரஷர் ஏறுவது ஆகியவை அறிகுறிகள். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று விட்டுவிட வேண்டாம். இந்த நிலையில் குழந்தையைச் சரிசெய்ய வேண்டும், அல்லது பிரசவம் பார்த்துவிட வேண்டும். வேறு வழியில்லை.

பிரசவம் எங்கே?

குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில்தான். பிறந்த சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் வைப்பது, நெஞ்சில், வயிற்றில் இருக்கும் நீரை எடுப்பது, ரத்தம் ஏற்றுவது எல்லாம் தேவைப்படலாம். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை அங்கே சேர்ப்பதுதான் பாதுகாப்பு. வெகு முன்கூட்டியே பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் குழந்தைக்கு நல்லதில்லை. தேதியை மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

சிகிச்சைக்கு வழியே இல்லை என்றால்?

மறைக்க முடியாத உண்மை ஒன்று இருக்கிறது. காரணத்தைச் சரிசெய்ய முடியாத ஹைட்ராப்ஸில், அதுவும் ஆரம்ப மாதங்களிலேயே வந்ததில், குழந்தை பிழைக்கும் வாய்ப்பு குறைவு. அப்போது என்ன செய்வது என்ற முடிவு முதலில் அந்தப் பெண்ணுடையது. கர்ப்பத்தைத் தொடரலாம், முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 முதல் 24 வாரங்களுக்குள் இது போன்ற நிலையில் இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். 24 வாரத்தைத் தாண்டிவிட்டால், குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருப்பதை மருத்துவ வாரியம் உறுதி செய்ய வேண்டும்.

குழந்தை தவறிவிட்டாலும் தேடலை அத்துடன் நிறுத்த வேண்டாம். மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து வைப்பது, பெற்றோர் சம்மதித்தால் குழந்தையின் உடலைப் பரிசோதிப்பது ஆகியவை காரணத்தைக் காட்டிக்கொடுக்கலாம். அந்த நேரத்தில் யாருக்கும் மனசு வராது. ஆனால் பிறகு "ஏன் இப்படி ஆச்சு?" என்று வருடக்கணக்கில் தன்னையே நொந்துகொள்ளும் தாய்க்குக் கிடைக்கும் ஒரே பதில் அதுவாக இருக்கலாம்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

அதுவும் காரணத்தைப் பொறுத்ததுதான். பார்வோ வைரஸ் என்றால் திரும்ப வருவது மிக அரிது. தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணுக் குறை இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. காரணமான மரபணு தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே பரிசோதித்துச் சொல்லிவிட முடியும். ரத்த குரூப் பிரச்சனை என்றால் அடுத்தடுத்த கர்ப்பங்களில் அது இன்னும் முன்னதாக, இன்னும் கடுமையாக வரலாம். அதனால் கர்ப்பம் தெரிந்த உடனேயே சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகள் மறக்கக் கூடாதவை

1. முதல் செக்-அப்பிலேயே ரத்த குரூப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் ஐ.சி.டி பரிசோதனை, ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள். போட்ட தேதியைக் கர்ப்பகால அட்டையில் எழுதி வாங்குங்கள்.

2. 11 முதல் 14 வாரம், 18 முதல் 20 வாரம் என இரண்டு ஸ்கேன்களையும் தவறவிடாதீர்கள். ஹைட்ராப்ஸ் பெரும்பாலும் ஸ்கேனில்தான் தெரியும், வெளியே அறிகுறி காட்டாது.

3. இரட்டைக் குழந்தை என்றால் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள். ஒன்று என்றால் 16-வது வாரத்தில் இருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தேவை.

4. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வயிறு திடீரெனப் பெரிதானாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

5. முந்தைய கர்ப்பத்தில் ஹைட்ராப்ஸ், காரணம் தெரியாத குழந்தை இழப்பு இருந்திருந்தாலோ, சொந்தத்தில் திருமணம் என்றாலோ, அதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதில் தாய் செய்த தப்பு என்று எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் அவரிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, அடுத்த ஸ்கேனுக்கு அவருடன் போவதுதான் உண்மையான உதவி.